கோகிலவாணியைப் பத்தி ஒரு வார்த்தை

வாங்க, வாங்க, உள்ள வாங்க. செருப்பெல்லாம் கழட்ட வேண்டாங்க, அந்தக் கண்ணாடி ரூமுக்குள்ள போறப்பத்தான் கழட்டோணும், அங்க சர்வர் இருக்குது. அந்த நாற்காலி வேண்டாம், ஒரு கால் ஆடும், இதுல உட்காருங்க. நீங்க பையனுக்குத் தாய்மாமனுங்களா? காங்கயத்துல இருந்தா வர்றீங்க? நெம்ப சந்தோசம். சரசக்கா, ரெண்டு டீ. உங்களுக்குச் சக்கரை எப்புடிங்க? அப்ப ரெண்டுமே கம்மியா, சரசக்கா.

நான் சென்னியப்பன், இந்த மில்லுக்கு ஆபீஸ் மேனேஜர். முதலாளியோட அப்பா காலத்துல இருந்து இங்கதான். இந்த மில்லுக்குள்ள கம்ப்யூட்டர்னு ஒண்ணைக் கொண்டாந்து வெச்சதே நான்தானுங்க. அன்னிக்கு ஆளுக்கு ஆள் சிரிச்சாங்க. இன்னிக்கு பஞ்சு மூட்டை உள்ள வர்றதுல இருந்து நூல் லாரி வெளிய போற வரைக்கும் எல்லாம் அதுலதான் ஓடுது.

ஆமாங்க, கோகிலவாணி இங்கதான் வேலை பாத்துது. கம்ப்யூட்டர் செக்சன். எனக்குக் கீழ. நாளைக்குப் பொண்ணு பாக்கப் போறீங்க, அதுக்கு முந்தி வேலை பாத்த எடத்துல ஒரு வார்த்தை விசாரிச்சுப்போட்டுப் போலாம்னு வந்திருக்கீங்க. விசாரிக்கோணுங்க. ஆயிரங்காலத்துப் பயிருன்னு மேடையில பேசறதுக்கு நல்லாத்தான் இருக்கும், முந்தியே விசாரிச்சவன்தான் பொறவு நிம்மதியாத் தூங்குவான். ஆனா ஒண்ணு, எனக்குன்னு ஒரு கொள்கை இருக்குதுங்க. பொண்ணுப் புள்ளைங்க விசயத்துல நான் குறையே சொல்ல மாட்டேன். என்னால ஒரு கண்ணாலம் நின்னுதுன்னு இருக்கக் கூடாது. அதனால நடந்ததை நடந்த மாதிரி சொல்றேன், நீங்களே முடிவு பண்ணிக்குங்க.

நல்ல பொண்ணுங்க. வேலையில கெட்டி. நேரத்துக்கு வரும், நேரத்துக்குப் போகும். வாய் மட்டும் கொஞ்சம் எச்சு. ஒண்ணு சொன்னா 'ஏன் சார்'னு கேக்கும். அதுவும் சிரிச்சுக்கிட்டே கேக்கும். எனக்கு அதுதான் ஆகாதுங்க. கோவமாக் கேட்டா அதட்டீறலாம். சிரிச்சுக்கிட்டு கேக்கறதை என்ன பண்றது?

சரி, விசயத்துக்கு வர்றேன். சர்வர்னா தெரியுங்களா? அந்தக் கண்ணாடிக்குள்ள, கறுப்பா, பச்சை வெளக்கு மினுக்கிட்டு இருக்குது பாருங்க, அதுதான். மில்லுல இருக்கற எல்லாக் கம்ப்யூட்டருக்கும் அது தாய் மாதிரி. ஆளுங்க எத்தனை ஷிஃப்ட்டு வந்தாங்க, ஆருக்கு என்ன சம்பளம், பஞ்சு எத்தனை இருக்குது, எல்லாம் அதுக்குள்ளதான். அதுல இருந்த ஆப்பரேட்டிங் சிஸ்டம் பழசாப் போச்சு. சம்பள சாஃப்ட்வேர்க்காரன் வந்து, 'இனிமே இதுல ஓடாது, புதுசு போடுங்க'ன்னு சொல்லிப்போட்டான். முதலாளி எங்கிட்டச் சொன்னாரு, 'சென்னியப்பா, விஜயதசமி அன்னிக்குக் காலையில புதுசுலதான் மொத பில்லுப் போடோணும்'னு. முதலாளி சொன்னா அது சொன்னதுதானுங்க.

மில்லு ராத்திரி பகல்னு ஓடறது. சர்வரை எப்ப நிறுத்தறது? வருசத்துல மெசின் அத்தனையும் மூச்சு விடறது ஆயுத பூசை அன்னிக்கு மட்டுந்தான். அன்னிக்கே பண்ணீறலாம்னு நான் முடிவு பண்ணினேன்.

கோகிலவாணிகிட்டச் சொன்னேன். அது முந்தின வாரமே அந்தப் புது சிஸ்டத்தை இன்டர்நெட்டுல இருந்து இறக்கி வெச்சிருச்சு. டிஸ்க் இமேஜ்னு பேருங்க. முந்தியெல்லாம் சி.டி.ன்னு தட்டுத் தட்டாக் குடுப்பாங்கல்ல, அந்தத் தட்டு முழுசையும் அப்புடியே அச்செடுத்து ஒரே ஃபைலாச் சுருட்டி வெச்சிருப்பான். அதை சர்வருக்குள்ளயே காப்பி பண்ணி, உள்ள இருந்தே தொறந்து ஓட்டோணுமாம். அப்பத்தான் இருக்கறது எல்லாம் இருந்த எடத்துல இருக்குமாம், அடியில சிஸ்டம் மட்டும் மாறுமாம். அது சொன்னது. ஆபத்துக்கு இருக்கட்டும்னு சர்வரை வெளிய இருந்தே கிளப்பற மாதிரி அதே ஃபைலை ஒரு பென்டிரைவ்லயும் போட்டு வெச்சுது. இதைக் கொஞ்சம் மனசுல வெச்சுக்குங்க. அந்தப் பென்டிரைவைச் செஞ்சது ஆரு? நானா செஞ்சேன்? அதுதான் செஞ்சது.

டீ எடுத்துக்குங்க, ஆறிப்போகுது.

ஆயுத பூசை எங்க மில்லுல எப்புடி நடக்கும்னு நீங்க பாத்திருக்கோணும். மெசின் பூராத்தையும் கழுவித் தொடைச்சு, சந்தனம் குங்குமம் வெச்சு, பெரிய ஹால்ல சாமி படத்துக்கு முன்னால ஸ்பேனரு, சுத்தியல், கத்திரி, தராசு அத்தனையும் அடுக்கி வெச்சு, பொரி கடலை, பூசணிக்கா, ஒண்ணும் குறை வெக்க மாட்டோம். ஆபீஸ்ல இருந்து என்ன வெக்கறதுன்னு பாத்தேன். அந்த பேக்கப் டிஸ்க் இருக்குது பாருங்க, கைக்கு அடக்கமா, சோப்புக் கட்டி மாதிரி. சர்வர்ல இருக்கற எல்லாத்துக்கும் ஒரு நகல் அதுலதான் எடுத்து வெக்கறது. அதுதானே நம்ம ஆயுதம்னு சொல்லி, நானே கையால சந்தனம் பூசி, குங்குமம் வெச்சு, சாமிக்கு முன்னால வெச்சேன்.

பூசை முடிஞ்சுது. எல்லாரும் பொரிப் பொட்டலத்தை வாங்கிட்டு ஊட்டுக்குப் போய்ட்டாங்க. நானும் கோகிலவாணியும் சரசக்காளும்தான் இருந்தோம். தப்பா நெனைக்காதீங்க, சரசக்கா இருந்துச்சு. சர்வர் ரூமுக்குள்ள போறதுக்கு முந்தி இந்தப் பொண்ணு வந்து கேக்குது:

'சார், பேக்கப் டிஸ்க் எங்கீங்க?'

'சாமிகிட்ட இருக்குது.'

'அதை எடுத்துக்கட்டுங்களா? நகல் எடுக்காம ஆரம்பிக்க முடியாதுங்க சார்.'

நான் கன்னத்துல போட்டுக்கிட்டேங்க. சாமிக்கு முன்னால வெச்சதை, மறுநா மறுபூசை பண்ணாம ஆராச்சும் எடுப்பாங்களா? நீங்க சொல்லுங்க, உங்க ஊர்ல எடுப்பாங்களா? இல்லைல்ல? 'எடுக்கக் கூடாதும்மா'ன்னேன். அதுக்கு அது, சிரிச்சுக்கிட்டேதான், என்ன சொல்லுச்சு தெரியுங்களா? 'அந்த டிஸ்க்கைத் தொடக் கூடாதுன்னா இன்னிக்கு சர்வரையும் தொடக் கூடாதுல்லீங்க சார்?'

பாத்தீங்களா வாயை? சர்வரு அது இருக்கற எடத்துல இருக்குது, அதுக்கு வெறும் பொட்டுத்தான் வெச்சிருக்குது. டிஸ்க்கு சாமிக்கு முன்னால வெச்சிருக்குது. இந்த வித்தியாசம் சின்னப் புள்ளைக்குத் தெரியுங்க. 'அப்ப அடுத்த வாரம் ஒரு நாள் பாத்துப் பண்ணலாங்க சார், முதலாளிகிட்ட நான் வேணா ஒரு வார்த்தை கேக்கட்டுங்களா'ன்னுது. முதலாளிகிட்டயாம், அது கேக்குதாம். எனக்கு மேல போய்க் கேக்குதாம். 'நான் சொன்னா முதலாளி சொன்ன மாதிரி. ஆரம்பி'ன்னேன்.

ஆரம்பிச்சுது. ஃபைலைத் தொறந்துச்சு, திரையில ஒரு வட்டம் சுத்துச்சு. சுத்துது, சுத்துது, சுத்திக்கிட்டே இருக்குது. 'என்னம்மா பண்ணுது?'ன்னா, 'எல்லாம் சரியா இருக்குதான்னு பாக்குதுங்க சார், கொஞ்சம் பொறுங்க'ங்குது. அன்னிக்குப் புதன்கிழமை. பன்னெண்டுக்கு ராகுகாலம் புடிக்குது. அதுக்கு முந்தி புதுசு உள்ள எறங்கீறோணும்னு எனக்கு மனசு கெடந்து அடிச்சுக்குது. இந்தப் பொண்ணு கைய மடியில வெச்சுக்கிட்டு வட்டத்தையே பாத்துக்கிட்டு இருக்குது. ஒரு பதட்டம் வேண்டாமுங்களா?

எனக்கு இன்னொரு ரோசனையும் வந்துச்சு. மில்லு பூராத்தையும் கழுவித் தொடைச்சிருக்குது. பழைய சிஸ்டத்துக்கு மேலயே புதுசை வெச்சா உள்ள இருக்கற அழுக்கு அப்புடியேதானே இருக்கும்? ஊட்டைக் கூட்டாம கோலம் போட்ட மாதிரி. 'எந்திரி, நான் பாக்கறேன்'னு சொல்லி, சர்வரை அணைச்சுப்போட்டு, அந்தப் பென்டிரைவைச் சொருகி, வெளிய இருந்தே கிளப்பினேன். நமக்குத் தெரியாத வேலையாங்க? இந்த மில்லுக்குக் கம்ப்யூட்டரைக் கொண்டாந்ததே நான்தானே.

'சார், வேண்டாங்க சார், அப்புடிக் கிளப்புனா எல்லாத்தையும் அழிச்சுப்போட்டுப் புதுசா வெக்கறதுக்குத்தான் கேக்கும், வேண்டாங்க சார்'னு பின்னால நின்னு சொல்லிக்கிட்டே இருந்துச்சு. சிரிப்பெல்லாம் போச்சு. திரையில எந்த டிஸ்க்குல போடறதுன்னு கேட்டுது. ரெண்டு வரி காட்டுச்சு. பெரிசா இருக்கறதைத் தொட்டேன். கீழ ஃபார்மட்னு ஒண்ணு இருந்துச்சு. ஃபார்மட்னா சுத்தம் பண்றதுதானுங்களே? அன்னிக்கு நாளே சுத்தம் பண்ற நாள்தானே?

அப்பத்தாங்க அது நடந்துச்சு. நான் இதைச் சொல்லவே கூடாதுன்னு இருந்தேன். நீங்க இவ்வளவு தூரம் வந்திருக்கீங்க, மறைச்சா பாவம். நான் மௌசை அமுக்கப் போறேன், அந்தப் பொண்ணு பாஞ்சு வந்து என்ற கையைப் புடிச்சிருச்சுங்க.

ஆமாங்க, கையை. இந்த மணிக்கட்டை. இறுக்கி. கல்யாணமாகாத பொண்ணு, ரூமுக்குள்ள, ஒரு ஆம்பளை கையை. எனக்கு ஒடம்பே கூசிப்போச்சு. வளையல் பட்டு இங்க கீறுச்சு, இப்பத் தெரியாது, ஆறிருச்சு. சரசக்கா அப்பப் பாத்து டம்ளர் கழுவப் போயிருந்துச்சு. நான் கையை ஒதறி விட்டேன். ஒதறினதுல அமுங்கிருச்சோ, நானே அமுக்கினேனோ, அதெல்லாம் எனக்கு ஞாபகம் இல்லீங்க. அமுங்கிருச்சு.

என்னங்க? அமுக்குனது நீங்கதானேன்னு கேக்கறீங்களா? நல்லாக் கேட்டீங்க போங்க. அமுக்கறது பெரிசில்லீங்க, பக்கத்துல நிக்கறவங்க தடுக்கோணும். அதுக்குத்தானே ஆள் போட்டுச் சம்பளம் குடுக்கறது? கையைப் புடிச்சுதேங்கறீங்களா, அது தடுக்கறதுக்காங்க? தடுக்கறவங்க வாயால தடுக்கோணும். வாயால சொல்லுச்சுதான். நான் இல்லைங்கல. ஆனா அழுத்தமாச் சொல்லலீங்க. சார், சார்னு கெஞ்சுனா அது தடுக்கறதா?

போச்சு. அத்தனையும் போச்சு. புது சிஸ்டம் பளபளன்னு வந்து நிக்குது, உள்ள ஒண்ணுமில்லை. அந்தப் பொண்ணு கீழ உட்கார்ந்துருச்சு, வெறுந்தரையில. மூஞ்சியைக் கையால பொத்திக்கிச்சு. நான்தான் 'அழுவாதம்மா, நோம்பி நாள்'னு ஆறுதல் சொன்னேன். மனுசத்தன்மைன்னு ஒண்ணு இருக்குதுல்லீங்க.

மறுநா மறுபூசை முடிஞ்சதும் அந்த டிஸ்க்கை எடுத்துச்சு. ஒயர் சொருகற ஓட்டைக்குள்ள சந்தனம் போய்க் காஞ்சு அடைச்சிருக்குது. குண்டூசியும் பல்லு வெளக்கற பிரஷ்ஷும் வெச்சு ஒக்காந்து நோண்டி நோண்டி எடுத்துச்சு. பாவம், பொறுமை உண்டு, நான் இல்லைங்கல. டிஸ்க்கு தொறந்துச்சு. தொறந்தா, ஆனி மாசம் வரைக்குந்தான் நகல் இருக்குது. ஆடியில இருந்து ஒண்ணுமில்லை. ஏன் இல்லைன்னா எடம் இல்லையாம். எடம் எங்க போச்சுன்னா, என்ற பேத்தி காதுகுத்து வீடியோவை நான் அதுல போட்டு வெச்சிருந்தேன். நல்லா எடுத்திருந்தானுங்க வீடியோக்காரன், பறக்கற கேமிராவெல்லாம் வெச்சு. அதை அழிக்கட்டுமான்னு ஆடியிலயே வந்து கேட்டுச்சு. பேத்தி வீடியோவை ஆராச்சும் அழிப்பாங்களா? 'எடம் இல்லீன்னா விடும்மா'ன்னேன். விட்டிருச்சு. விடலாமுங்களா? பொறுப்புன்னு ஒண்ணு வேண்டாமா? இன்னொரு டிஸ்க்கு வேணும்னு கேட்டுதுதான், நான் கையெழுத்துப் போடலை, அது வேற விசயம். பூசை அன்னிக்கு அந்த டிஸ்க்கைக் கேட்டதே, பழைய நகலை எடுத்துப்போட்டுப் புதுசு வெக்கறதுக்குத்தானாம்.

முதலாளி வந்தாரு. ஆபீஸ் பூரா நிக்கறாங்க. 'ஆருடா பண்ணுனது?'ன்னு ஒரு சத்தம். நான் ஒரு வார்த்தை பேசலீங்க. ஒருத்தரைக் காட்டிக் குடுக்கற பழக்கம் எனக்குக் கெடையாது. சும்மா அந்தப் பொண்ணு பக்கம் திரும்பிப் பாத்தேன், அவ்வளவுதான். அது என்ன சொல்லுச்சு தெரியுங்களா? அத்தனை பேருக்கு முன்னால, 'சார்தானுங்க அமுக்குனாரு'ன்னு கையை நீட்டுது. அப்பன் வயசுக்காரனைப் பாத்து. முதலாளி எம்பக்கம் திரும்புனாரு. நான் கையைக் கட்டிக்கிட்டு, 'எனக்கு என்னங்க தெரியும், நான் கம்ப்யூட்டர் படிச்சவனா? படிச்ச புள்ளை சொல்றதைத்தானே நான் கேக்கறது'ன்னேன். அதுல பொய் இருக்குதுங்களா? நான் படிச்சது டைப்ரைட்டிங்தான்.

அந்தக் கை புடிச்ச விசயத்தை நான் வெளிய விடவே இல்லை. முதலாளிகிட்ட மட்டும் தனியாச் சொன்னேன், அவருக்குத் தெரியோணுமில்ல. பொறவு ஸ்டோர்ல ரெண்டு பேரு கேட்டாங்க, சொன்னேன். ஊட்டுல சொன்னேன். அதுக்கு மேல ஆருகிட்டயும் மூச்சு விடலீங்க. ஆனா மில்லு பூராத் தெரிஞ்சு போச்சு. ஜனங்க வாய் இருக்குதே, அதை மூட முடியுங்களா?

அடுத்தாப்புல தீபாவளி. போனசு போடோணும். ஆடியில இருந்து ஆரு எத்தனை ஷிஃப்ட்டு எச்சா வந்தாங்கன்னு சர்வர்ல இல்லை. முதலாளி எல்லாத்துக்கும் ஒரே மாதிரிப் போட்டுப்போட்டாரு. எச்சா வேலை செஞ்சவங்களுக்கு வயித்தெரிச்சல். ஆருனாலன்னு கேட்டாங்க. 'கம்ப்யூட்டர்ப் பொண்ணு அழிச்சுப்போட்டுது'ன்னு ஆபீஸ்ல சொன்னோம். வேற என்னன்னு சொல்றதுங்க? அவங்களுக்குப் புரியற மாதிரித்தானே சொல்லோணும்.

ஒரு நா ஷிஃப்ட்டு விடற நேரம், இந்தப் பொண்ணு கேட்டைத் தாண்டிப் போகுது. நூல் சுத்தற கோன் வைண்டிங்ல வேலை செய்யற ஒரு பொம்பளை, வேலாத்தான்னு பேரு, அது குனிஞ்சு ஒரு கை மண்ணை வாரி எடுத்து, 'என் புள்ளைங்க நோம்பியில மண்ணைப் போட்டயேடி, நீ நல்லா இருப்பயா'ன்னு தூத்திருச்சுங்க. மேலெல்லாம் மண்ணு, தலைமுடியில, கண்ணுல. கூட்டம் சும்மா பாத்துக்கிட்டு நிக்குது. நான் இந்த ஜன்னல்ல இருந்து பாத்தேன். எறங்கிப் போலாம்னுதான் நெனைச்சேன். நாம போனா நம்மளுக்கும் அந்தப் பொண்ணுக்கும் என்னன்னு பேசிருவாங்கல்ல? அதனால போகலை. கண்ணுல விழுந்த மண்ணைத் தொடைச்சுக்கிட்டே பஸ் ஏறிப் போயிருச்சு. மறுநாளும் வேலைக்கு வந்துச்சுங்க, அதுதான் எனக்கு ஆச்சரியம். வெக்கம் இருந்தா வருமா?

அதோட அப்பன் ஒரு நா வந்தாரு. டவுன் பஸ் டிரைவரு, சாதுவான மனுசன். காக்கிச் சட்டையோட இதே எடத்துல கையைக் கட்டிக்கிட்டு நின்னாரு. உட்காரச் சொல்லலீங்க, அந்தச் சமயத்துல எனக்குச் சோலி. 'என் புள்ளை பொய் சொல்லாதுங்க சார், நீங்க ஒரே ஒரு வாட்டி முதலாளிகிட்ட உண்மையச் சொல்லீருங்க, ஊருக்குள்ள தலை காட்ட முடியலீங்க'ன்னாரு. எனக்கு மனசு கேக்கலை. 'இதா பாருங்க, நான் பெரிசு பண்ணலை, நீங்களும் பெரிசு பண்ணாதீங்க, பொண்ணைப் பெத்தவங்க அடங்கிப் போகோணும்'னு நல்ல புத்திதான் சொல்லி அனுப்புனேன். அந்தாளு படியில எறங்கறப்ப ஒரு படி தவறி விழுந்தாரு. சரசக்காதான் போய்த் தூக்கி விட்டுது.

தை பொறந்ததும் அதுவே வேலையை விட்டிருச்சு. போறதுக்கு முந்தி பாருங்க, பழைய பில்லு, நோட்டெல்லாம் தேடி, அழிஞ்சு போனதுல பாதிக்கு மேல மறுபடியும் உள்ள ஏத்திக் குடுத்துட்டுத்தான் போச்சு. அதெல்லாம் நான் மறைக்கறதில்லை. இன்னிக்கு இந்த சர்வர் ஓடுதுன்னா அது கட்டி வெச்சதுதான். இப்ப ஊட்டுல சும்மாத்தான் இருக்குதாம். கோயமுத்தூர்ல ஒரு கம்பெனில கூப்புட்டாங்களாம், அனுபவச் சான்று கேக்கறாங்களாம். நான் இன்னும் குடுக்கலீங்க. குடுத்தா அங்க போய் ஒக்காந்துக்கும். பொறவு நம்ம மில்லுல ஒண்ணுன்னா ஆரைக் கூப்புடறது?

இருங்க, போன் அடிக்குது. என்னப்பா? பில்லு வரலையா? லாரி கேட்டுல நிக்குதா? சரி, சரி, பாக்கறேன், வை.

இதுதானுங்க தொந்தரவு. இதா, இப்பக் கூட அந்தப் பொண்ணைத்தான் கூப்புடோணும். வேற ஆருக்கும் இந்த சர்வர் வளையறதில்லை. ஸ்பீக்கர்ல போடறேன், எனக்குக் காது கொஞ்சம் மந்தம். நீங்க இருக்கறீங்கன்னு தெரிய வேண்டாம், பேசாம இருங்க.

'சொல்லுங்க சார்.'

'ஏம்மா, பில்லு நின்னு போச்சு. லாரி நிக்குது.'

'ஒண்ணும் பதறாதீங்க சார். எதையும் அமுக்கிறாதீங்க, நான் சொல்றதை மட்டும் பண்ணுங்க. திரையில கடைசி வரி என்னன்னு படிங்க.'

'சர்வீஸ் ஸ்டாப்டுன்னு போட்டிருக்குது.'

'அவ்வளவுதானுங்க. இடது பக்கம் ஒரு பட்டியல் இருக்கும், அதுல பில்லிங்னு இருக்கறதை மௌசோட வலது பட்டன்ல அமுக்குங்க. ஸ்டார்ட்னு வரும். அதைக் குடுங்க. வந்துச்சுங்களா?'

'வந்துருச்சு, வந்துருச்சு.'

'நல்லதுங்க சார். சார், ஒண்ணு கேக்கட்டுங்களா?'

'சர்டிபிகேட்தானே? பாக்கலாம்மா, முதலாளி ஊர்ல இல்லை.'

'அது இல்லீங்க சார். ஊட்டுல எனக்குப் பேசிக்கிட்டு இருக்காங்க. நாளைக்குக் காங்கயத்துல இருந்து பாக்க வர்றாங்க. இதுக்கு முன்னால மூணு எடம் விசாரிச்சுப்போட்டு வேண்டாம்னு போய்ட்டாங்க சார். என்னன்னே சொல்லலை. அப்பா சாப்புடறதே இல்லை. ஆராச்சும் உங்ககிட்ட விசாரிக்க வந்தா, நடந்ததைச் சொல்ல வேண்டாங்க சார், நான் நல்லா வேலை செஞ்சேன்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லீருங்க. நீங்க சொன்னா நம்புவாங்க.'

'நான் சொல்லாம ஆரும்மா சொல்லுவா? போனை வை.'

கேட்டீங்களா? அந்த மூணு எடத்துக்காரங்களும் உங்களை மாதிரி நல்லவங்கதானுங்க. இதே நாற்காலிலதான் உட்கார்ந்திருந்தாங்க. அவங்ககிட்டயும் ஒரு குறை சொல்லலை நான். இப்புடி நடந்ததை நடந்த மாதிரித்தான் சொன்னேன்.

ஆனா ஒண்ணைக் கவனிச்சீங்களா? வேலையை விட்டு இத்தனை நாளாச்சு. ஒரு ஆம்பளை கூப்புட்டா ரெண்டாவது மணி அடிக்கறதுக்குள்ள எடுத்துருது. எதுக்குக் கூப்புட்டீங்கன்னு ஒரு முறைப்பு இல்லை, 'சொல்லுங்க சார்'ங்குது. நானா இருக்கப் போய்ச் சரி. எல்லாரும் என்னை மாதிரி இருப்பாங்களா?

எந்திரிச்சுட்டீங்களா? டீயை அப்புடியே வெச்சுட்டீங்களே. ஆருக்குங்க போன்? உங்க அக்காவுக்குங்களா? பேசுங்க, பேசுங்க, எனக்கென்ன.

ம்... ம்... சரிதானுங்க. பொண்ணு மேல தப்பு இருக்கற மாதிரி தெரியலை, ஆனா பேச்சு ஆயிருக்குது, நமக்கு வேண்டாங்கறீங்க. நாளைக்கு வரலைன்னு சொல்லி விட்டிறச் சொல்றீங்க. நல்ல முடிவுங்க. நீங்க பெரியவங்க, நீங்க சொன்னாச் சரியாத்தான் இருக்கும். என்னைக் கேட்டா, நான் குறையே சொல்லலை. அந்தப் புள்ளை தங்கமான புள்ளை.

பாத்து எறங்குங்க, அந்தப் படி கொஞ்சம் வழுக்கும். அப்பறம் ஒரே ஒரு வேண்டுகோள். அவங்க ஊட்டுல ஏன்னு கேட்டாங்கன்னா எம்பேரைச் சொல்லீறாதீங்க. ஜாதகம் பொருந்தலைன்னு சொல்லீருங்க. ஒரு பொண்ணோட வாழ்க்கை பாருங்க, நம்ம வாயால கெட்டுதுன்னு இருக்கக் கூடாது.